சென்னியப்பன் சொன்ன அளவு

சென்னியப்பனுடைய வண்டியின் முன்சக்கரம் ஆனைப்பள்ளத்துச் செவ்வாய்ச்சந்தைக்குள் நுழைந்தபோது, அதன் பின்சக்கரம் புளியங்காட்டுப்பாளையத்தில் அவன் வீட்டு வாசலைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அதற்குள் இடையிலிருந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் அந்த வண்டியின் பிரேமில் துணி காயப்போடவும், ஆடு கட்டவும், அவரைக்கொடி ஏற்றிவிடவும் பழகியிருந்தார்கள், ஒரு பொருள் உபயோகப்பட ஆரம்பித்துவிட்டால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை.

வண்டி என்றால் பெரிய வண்டி ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே சென்னியப்பன் வைத்திருந்த ஒரு சைக்கிள். அவன் பூவாத்தாளைக் கட்டிக்கொண்டபோது அவள் அப்பன் தோட்டத்திலிருந்து சீரோடு சீராக வந்த மருந்தடிக்கிற மெஷினின் எஞ்சினைக் கழற்றிப் பின்சக்கரத்தின் மேல் மாட்டியதில் அது மோட்டார் வண்டி ஆகிவிட்டது. ஆக, முன்பாதி அவனுடையது, பின்பாதி அவளுடையது. இதைப் பூவாத்தாள் ஒருநாளும் மறந்ததில்லை, சென்னியப்பன் ஒருநாளும் நினைத்ததில்லை, குடும்பம் என்னவோ நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் சந்தை சந்தையாகப் போய்ப் பொரி விற்றார்கள். பொரி மூட்டைக்குக் கனம் கிடையாது, ஆனால் இடத்தை அடைக்கிற விஷயத்தில் அது யானை, அதனால் வண்டியின் இரண்டு பக்கமும் மூட்டை தொங்க, கேரியரில் பூவாத்தாள் ஒடுங்கி உட்கார்ந்தால் அவள் வாய் சரியாக அவன் காதுக்கு நேராக வந்து நின்றது. பள்ளம் வந்தால் பள்ளம் என்பாள், நாய் வந்தால் நாய் என்பாள், இரண்டும் வராத நல்ல ரோட்டில் வீட்டுச் சமாசாரம் பேசுவாள், எல்லாம் பேசி முடித்த பிறகு, ஊர் எல்லைத் திருப்பத்தில், தினமும் ஒன்றே ஒன்றைக் கேட்பாள்.

"ஏனுங்க, ஒரு நாளைக்கு நா அந்த ஹேண்டிலப் புடிக்கறனே?"

"காத்துல ஒண்ணும் கேக்க மாட்டீங்குது புள்ள," என்பான் சென்னியப்பன், இலை அசையாத சித்திரை மாதத்தில்கூட.

இப்படியே வருஷங்கள் போயின. கேட்டவளுக்கும் அலுக்கவில்லை, கேட்காதவனுக்கும் அலுக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் சென்னியப்பனுக்கு அலுத்துவிட்டது. ஒரு நாள் வண்டியை ஆறுச்சாமியின் வெல்டிங் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

ஆறுச்சாமி அந்த வட்டாரத்திலேயே நல்ல வேலைக்காரன், அதை அந்த வட்டாரத்திலேயே அதிகமாகச் சொல்லிக்கொள்கிறவனும் அவன்தான். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, பிரேமை அறுத்து நடுவில் குழாய் வைத்து நீட்டினால் சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி கூடும், வண்டி நேர் ரோட்டில் தேர் மாதிரி அசையாமல் போகும், ஆனால் திருப்பத்தில் மல்லுக்கு நிற்கும், அதற்கு ஃபோர்க்கைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்க்கவேண்டும் என்று வெகுநேரம் விளக்கினான். பிறகு சாக்குக்கட்டியைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு கேட்டான்.

"அளவு சொல்லு. எத்தன நீட்டோணும்?"

ஆறுச்சாமிக்கு ஒரு பழக்கம் உண்டு, பட்டறையில் டேப் இருந்தும் அவன் அதைத் தொடமாட்டான். வண்டிக்காரன் வாயால் என்ன அளவு சொல்கிறானோ அதையே மனசில் வாங்கிக்கொண்டு அறுப்பான். இரண்டு தேங்காய்மூட்டை கொள்கிற அளவு என்று சொன்னவனுக்கு இரண்டு தேங்காய்மூட்டை கொள்ளும், மூன்றாவது கொள்ளாது. சென்னியப்பன் இரண்டு பொரிமூட்டை அளவு என்று சொல்லியிருக்கலாம், சொல்வதற்கு வாயைத் திறக்கவும் செய்தான். ஆனால் அன்று காலையில்தான் பூவாத்தாள் வழக்கமானதைக் கேட்டிருந்தாள், அதனால் வாயில் வந்தது வேறு.

"அவ பேசறது எங் காதுல உழுகாத தூரம் இருந்தாப் போதும்."

ஆறுச்சாமி தலையாட்டினான், அறுத்தான், குழாய் வைத்தான், பற்றவைத்தான்.

பட்டறையை விட்டு வந்தபோது வண்டி முன்னைவிட இரண்டு பொரிமூட்டை அளவுதான் நீண்டிருந்தது, மூட்டைகளும் அவனுக்கும் அவளுக்கும் நடுவில் அழகாக உட்கார்ந்துகொண்டன. பூவாத்தாள் வண்டியைப் பார்த்தாள், மூட்டைகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், கேரியரில் ஏறிக்கொண்டாள். ஊர் எல்லைத் திருப்பம் வந்ததும் மூட்டைகளுக்கு மேலாகக் குரலை உயர்த்திக் கேட்டாள். அவன் காற்றில் கேட்கவில்லை என்றான். அப்போது அவன் தொடைக்குக் கீழே குழாய் முறுக் என்று ஒரு சத்தம் கொடுத்து ஒரு விரற்கடை நீண்டது.

மறுநாள் இன்னும் சத்தமாகக் கேட்டாள், அவனும் இன்னும் சத்தமாகக் கேட்கவில்லை என்றான், குழாய் இன்னும் நீண்டது. சொன்ன அளவு சொன்ன அளவுதானே. அவள் குரல் எட்டுகிற தூரத்தைக் கண்டுபிடித்து அதற்கு ஒரு விரல் அப்பால் போய் நிற்பதுதான் அந்தப் பிரேமுக்கு இட்ட வேலை, அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. சாப்பிட்டீர்களா என்றாள், கேட்கவில்லை. காய்ச்சல் மாத்திரை போட்டீர்களா என்றாள், கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்வது ஒருமுறை வாய்க்குப் பழகிவிட்டால் எதற்கு என்ற வித்தியாசமெல்லாம் அதற்குத் தெரியாது. பஞ்சாயத்து ஆபீஸ் முனையில் அவன் திரும்பும்போது அவள் பால் சொசைட்டியிடம் இருந்தாள், பிறகு அவன் அடுத்த ஊரில் இருக்கும்போது அவள் இந்த ஊரில் இருந்தாள், கடைசியில் திரும்பி வருகிற வழியே இல்லாமல் வண்டி நேராக ஆனைப்பள்ளம் போய் நின்றது. ஹேண்டிலை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வரலாம் என்றால் முடியாது. ஹேண்டிலை விட்டால் வண்டி சாயும், வண்டி சாய்ந்தால் வழிநெடுக அத்தனை பேர் துணியும் மண்ணில் விழும், அந்தப் பொல்லாப்பை யார் கட்டிக்கொள்வது.

இதற்குள் ஊர்கள் வண்டிக்குத் தக்கபடி தங்களை மாற்றிக்கொண்டுவிட்டன. பஸ் போகிற இடங்களில் குழாயைக் கவைக்கோல் கொடுத்துத் தூக்கிவிட்டார்கள், டிரைவர்கள் அதற்குக் கீழே போகும்போது தங்களை அறியாமல் தலையைக் குனிந்தார்கள். தட்டாங்குட்டையில் நெசவுக்காரர்கள் அதில்தான் தறிக்குப் பாவு நூல் நீட்டினார்கள், இத்தனை நேரான ஒன்று தங்கள் ஊரில் இதற்குமுன் இருந்ததில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். ஆனைப்பள்ளம் முக்கில் நின்ற போலீஸ்காரர் ஒரே வண்டியில் இத்தனை பேர் போவது குற்றம் என்று சொல்லி, குழாயில் சாய்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் வரைக்கும் எல்லோருக்கும் ஹெல்மெட் கேட்டுப் பார்த்தார், கேட்டுக் களைத்து, மழை வந்தபோது தன்னுடைய ரெயின்கோட்டையும் அதிலேயே காயப்போட்டார்.

ஆயுதபூஜை வந்தபோது ஒவ்வொரு ஊரும் தன் எல்லைக்குள் இருந்த நீளத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தது. பூஜைக்குப் பொரி வேண்டுமே என்று யாரும் கவலைப்படவில்லை, மூட்டைகள் இரண்டும் நடுவழியில் தட்டாங்குட்டையில் நின்றுவிட்டிருந்தன, அவரவர் கையால் அள்ளிக்கொண்டார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுச் சென்னியப்பன் ஆக்சிலேட்டரை முறுக்கினான். அந்தத் திருகல் கேபிள் வழியாக ஊர் ஊராகப் போய்ப் பின்னால் எஞ்சினைச் சேர்ந்து பழம் நசுங்கியபோது எல்லோரும் மதியச் சாப்பாடு முடித்துப் படுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு பூவாத்தாளே எஞ்சினைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். அவன் திருப்பினான், அவள் ஓட்டினாள், இரண்டு பேரும் இதை ஒத்துக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சென்னியப்பன் ஆனைப்பள்ளத்தில் ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றான். பொரி இல்லாத பொரிக்காரனாக, எஞ்சின் இல்லாத வண்டிக்காரனாக நின்றான். முதலில் சுகமாகத்தான் இருந்தது. பள்ளம் என்று சொல்ல ஆளில்லை, நாய் என்று சொல்ல ஆளில்லை. பிறகு ஒரு மத்தியானம் கண் அசந்தபோது நாய் ஒன்று வந்து அவன் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, அப்போதுதான் அவனுக்கு என்னவோ போல் இருந்தது.

பூவாத்தாளும் சும்மா இருக்கவில்லை. தன் குரல் எட்டாது என்று தெரிந்ததும் பக்கத்திலிருப்பவர்களிடம் சொல்லியனுப்பினாள், ஆளுக்கு ஆள் வாய்மாற்றி அது அவனிடம் வந்து சேர்ந்தது, வரும் வழியில் ஆளுக்கு ஒரு புத்திமதியும் சேர்ந்தே வந்தது. "சாப்ட்டியான்னு கேக்கறா. வெளியில போண்டா தின்னாதேன்னு நாஞ் சொல்றேன். வயசாகுதல்ல, எண்ணெயக் கொறைன்னு தட்டாங்குட்டை வாத்தியாரும் சொல்லச் சொன்னாரு." சென்னியப்பன் இத்தனை பேர் முன்னால் கூச்சப்பட்டுப் பழையபடி, "கேக்கலீன்னு சொல்லிருங்க," என்றான். குழாய் நீண்டது. ஊர்க்காரர்களுக்கு அதில் ஆட்சேபணை இல்லை, துணிக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்தது.

அப்புறம் ஒரு காலை, சந்தையில் எல்லோரும் அவனிடம் அளவுக்குமீறி அன்பாக நடந்துகொண்டார்கள். டீக்கடைக்காரர் கேட்காமலே டீ கொடுத்தார். போலீஸ்காரர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வீட்டிலிருந்து சேதி ஏதாவது உண்டா என்றதற்கு, "சௌக்கியமா இருக்குதாமா," என்று சொல்லிவிட்டு டீக்கடைக்காரர் பாய்லரைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது.

பூக்கடை மாரக்காள் மட்டும்தான் யாருக்கும் பயப்படாதவள். சென்னியப்பன் ஹேண்டிலை விடாமல் அவளைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"அக்கா, பூவா என்ன சொல்லியனுப்புனா?"

"ஒவ்வொருத்தனும் மனசு கேக்காம அதுல கொஞ்சங் கொஞ்சம் முழுங்கிட்டானுங்க தம்பி. சௌக்கியங்கறது மட்டுந்தான் மிச்சம் வந்து சேந்துருக்குது. எங் கொழுந்தியா தட்டாங்குட்டைல இருக்கறா, அவ முழுசாச் சொன்னா." மாரக்காள் கையிலிருந்த பூவை இழுத்து முடிச்சுப் போட்டாள். "வர்ற வியாழச்சந்தைக்குள்ள எஞ்சினக் கழட்டிட்டு எறங்கிக்கறாளாமா. அவங்கப்பன் தோட்டத்து எஞ்சினாமே. தனியா ஒரு சைக்கிள்ல மாட்டி அவளே ஓட்டி அவளே பொரி வித்துக்கறாளாமா. இனிமே உங்கிட்டக் கேக்கறதுக்கு அவளுக்கு ஒண்ணும் இல்லியாம்."

சென்னியப்பன் பயந்துபோனான். எஞ்சின் போவது பற்றி அவன் பயப்படவில்லை, அவளுக்கு இனிமேல் கேட்க ஒன்றும் இல்லை என்பதுதான் அவனை அடித்தது. அவளைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்தான், அவள் முகத்தில் மச்சம் வலப்பக்கமா இடப்பக்கமா என்று ஒரு கணம் குழம்பினான், அந்தக் குழப்பத்திலேயே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து ஊரில் தங்கை வீட்டுக்கு வந்திருந்த ஆறுச்சாமியை ஆள் அனுப்பி இழுத்து வரச்செய்து, குழாயை இங்கேயே அறுத்துவிடு என்றான்.

ஆறுச்சாமி ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். "அறுத்தா விடிஞ்சு பாத்தா மறுபடியும் இதே நீட்டந்தா இருக்கும். நீ சொன்ன அளவு உள்ள இருக்குது, அத யாரு அறுக்கறது? அளவத் தப்பாச் சொல்லிப்போட்டு எவ் வெல்டிங்கக் கொறை சொல்லாத. எத்தன ஊரு நீண்டும் நாம் பத்தவெச்ச எடம் எங்காச்சும் விட்டுருக்குதா பாரு."

அதை அவன் பெருமையாகத் தடவிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போதே சென்னியப்பன் ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்து, வந்த வழியே பின்னோக்கித் தள்ளினான். வண்டி அசையவில்லை. மறுபடியும் தள்ளினான். பிறகு, வேறு எதுவும் தோன்றாமல், குழாயின்மேல் குனிந்து சொன்னான்.

"சாப்ட்டேன் பூவா. போண்டாதான் சாப்ட்டேன். நல்லாவே இல்ல."

குழாய் முறுக் என்றது, ஒரு விரற்கடை உள்ளே போயிற்று.

அதன்பின் அவன் நிற்கவில்லை. சொல்லிக்கொண்டே தள்ளினான், தள்ளிக்கொண்டே நடந்தான். மாத்திரை போட்டேன், காய்ச்சல் அன்றைக்கே விட்டுவிட்டது என்றான். நீ பள்ளம் என்று சொன்னபோதெல்லாம் அது பள்ளந்தான் என்றான். உன் தம்பி கல்யாணத்துக்கு என்ன சீர் வைப்பது என்று கேட்டாயே, நீ என்ன நினைக்கிறாயோ அதையே வைப்போம் என்றான். அவன் மறந்துபோயிருந்ததை வழியில் நின்றவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள், ஏனென்றால் அவரவர் மனசு கேட்காமல் விழுங்கியிருந்த சேதிகள் அவரவரிடமே பத்திரமாக இருந்தன. "ஆடி பதினெட்டுக்கு எம் பொடவை எப்பிடியிருக்குதுன்னு கேட்டா, நீ பதிலே சொல்லலியாமே," என்று ஒரு கிழவர் ஆட்டை அவிழ்த்தபடி கேட்டார். "நல்லாருந்துச்சு," என்று சென்னியப்பன் குழாயிடம் சொன்னான், "அன்னிக்கு முழுக்க அதயேதான் பாத்துட்டிருந்தேன்." ஒரேயடியாக ஒரு தெரு நீளத்துக்குக் குழாய் உள்ளே இழுத்துக்கொண்டது, அந்தத் தெருவின் துணிகள் எல்லாம் சரசரவென்று விழுந்தன.

ஊர்கள் சந்தோஷப்பட்டன என்று சொல்ல முடியாது. தட்டாங்குட்டையில் பாவு தொய்ந்து விழுந்ததைப் பார்த்து நெசவுக்காரர்கள் மறித்தார்கள். "இத்தன நாள் நீங்க சண்ட போட்டது எங்களுக்கு எத்தன ஒத்தாசையா இருந்துச்சு, திடீர்னு சேந்துக்கறேன்னா நாங்க எங்க போறது?" என்று பெரியவர் ஒருவர் நியாயம் கேட்டார். அவர் சம்சாரம் உள்ளேயிருந்து ஏதோ சொன்னாள். கேட்கவில்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார், சென்னியப்பனைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டு என்னவென்று கேட்க உள்ளே போய்விட்டார். மூட்டைகளில் பொரி அடியில் ஒரு கை அளவுதான் மிச்சம் இருந்தது. முன்சக்கரம் கன்றுக்குட்டி மாதிரி அவன் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது.

புளியங்காட்டுப்பாளையத்துக்கு அவன் வந்து சேர்ந்தபோது, பூவாத்தாள் வாசலில் குந்தி ஸ்பானரால் எஞ்சின் நட்டைத் திருகிக்கொண்டிருந்தாள். ஒன்றைத் தவிர எல்லா நட்டும் கழன்று சேலை முந்தானையில் கிடந்தன. வண்டியில் இன்னும் ஒரு ஆள் நீளம் மிச்சமிருந்தது. மச்சம் இடப்பக்கம் இருந்தது.

அவள் நிமிரவில்லை. அவனுக்கு மூச்சு வாங்கியது. அந்தக் கடைசி நீளம் எதனால் ஆனது என்று அவனுக்குத் தெரியும், எந்த ஊர்க்காரரும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

"பூவா, இனிமே ஹேண்டில நீ புடி. நா பின்னால உக்காந்துக்கறேன்."

ஸ்பானர் நின்றது. குழாய் மட்டும் அசையவில்லை, அதுவும் அவளைப் போலவே யோசித்துக்கொண்டிருந்தது.

"ஊரு சிரிக்குமே," என்றாள் பூவாத்தாள், நட்டைப் பார்த்துக்கொண்டே.

"சிரிக்கட்டும். எனக்கு நீ வேணும் பூவா. நீ பேசாம எனக்கு ரோடே தெரீல."

முறுக் என்று குழாய் முழுவதும் உள்ளே போய், ஆறுச்சாமி அறுப்பதற்கு முன்னாலிருந்த அதே சைக்கிள் வாசலில் நின்றது. பூவாத்தாள் முந்தானையிலிருந்து நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி மாட்ட ஆரம்பித்தாள்.

வியாழச்சந்தைக்குப் புது மூட்டைகளோடு இரண்டு பேரும் கிளம்பினார்கள். பூவாத்தாள் முன்னால் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் தடவையிலேயே ஆட்டமில்லாமல் ஓட்டினாள். இத்தனை வருஷம் அவன் தோளுக்கு மேலாகப் பார்த்துப் பார்த்து அவள் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஊர் சிரிக்கத்தான் செய்தது. சென்னியப்பன் கேரியரில் மூட்டைகளுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான், அங்கிருந்து பார்த்தால் ரோட்டில் இத்தனை பள்ளம் இருப்பதை அவன் அன்றுதான் கண்டான்.

"பள்ளம் பூவா, பள்ளம்."

"காத்துல கேக்க மாட்டீங்குதுங்க," என்றாள் பூவாத்தாள். பள்ளத்தை மட்டும் சுற்றி வந்துவிட்டாள்.

ஊர் எல்லைத் திருப்பத்தில், நல்ல ரோடு வந்ததும், அவன் ரொம்ப நேரமாகச் சேர்த்துவைத்திருந்ததை மெதுவாகச் சொன்னான். "உங்கூட வர்றது எனக்கு நல்லாருக்குது பூவா."

இலைகூட அசையவில்லை. பூவாத்தாளின் கழுத்து மட்டும் கொஞ்சம் சிவந்தது.

"காத்துல ஒண்ணுமே கேக்க மாட்டீங்குதுங்க."

சென்னியப்பனுக்குக் கீழே குழாய் முறுக் என்றது. அவன் பதறிப்போய், மூட்டைகளை இரண்டு பக்கமும் தள்ளிவிட்டு, பொரி சிந்தினாலும் பரவாயில்லை என்று முன்னால் சாய்ந்து அவள் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, அவள் காதுக்கு நேராக வாயைக் கொண்டுபோய், சந்தைக்குப் போகிற அத்தனை ஊர்க்காரர்களுக்கும் கேட்கும்படி அதை இன்னொரு தடவை சொன்னான்.